படச்சாலையில் நான் வரைந்த கிராதி

பாளையங்கோட்டையில் சித்திரங்களை மாட்டிவைக்க ஒரு படச்சாலை கட்டினார்கள். கட்டியவர்களில் நானும் ஒருவன். கல் சுமக்கவில்லை, சாந்து குழைக்கவில்லை. காகிதத்தில் கோடு போட்டேன். அந்தக் கட்டடத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், அதன் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் பெருமையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது என் வழக்கமாக இருந்தது. மீதியையும் எழுதிவிட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

டில்லியில் தர்பார் நடந்து முடிந்த மறுவருஷம் அது. எனக்கு இருபத்தாறு வயது. மிஷன் பள்ளியில் படித்து, மதராசில் சர்வே வகுப்பும் முடித்து, ஊரில் சொந்தமாகக் கட்டட வேலைகள் எடுத்து நடத்திய ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரிடம் பிளான் வரைபவனாக இருந்தேன். வீட்டில் அக்காவும் நானும் மட்டும். அப்பாவும் அம்மாவும் ஒரே மாதத்தில் காலராவில் போன பிறகு அவள்தான் என்னைப் படிக்க வைத்தாள். பெண்கள் போர்டிங் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை.

அந்தப் பள்ளியில் இருந்த வெள்ளைக்கார மிஸியம்மாள் ஒருத்தி அக்காவுக்கு எண்ணெய்ச் சாயத்தில் படம் எழுதப் பழக்கியிருந்தாள். சீமைக்குத் திரும்பும்போது தன் சாயப்பெட்டியை அவளிடமே விட்டுவிட்டுப் போனாள். சனிக்கிழமை முழுவதும் அக்கா எழுதுவாள். வேதாகமக் கதைகளை எழுதும்படி எல்லாரும் சொன்னார்கள். அவள் எழுதியதோ ஆற்றுப் பாலத்தடியில் துணி வெளுக்கிறவர்களை, போர்டிங் சமையல்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை, மழைக்கு ஒதுங்கி நிற்கும் வண்டிக்காரனை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, தத்ரூபமாக இருக்கிறது என்பார்கள். பிறகு, இதைப் போய் எதற்கு எழுத வேண்டும் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் நிற்கும்.

படச்சாலை யோசனை ஒரு வக்கீலுடையது. ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டது, நாங்களும் அப்படியே. கல்கத்தாவுக்கு ஒரு காரியமாகப் போனவர், அங்கே புது மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தார். ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் தோண்டியெடுத்த தாழிகளும் வாள்களும் பெட்டி பெட்டியாக ரயிலேறி வெளியூருக்குப் போனதில் அவருக்கு ஏற்கனவே மனவருத்தம் உண்டு. நம் ஊருக்கென்று ஒன்று வேண்டாமா என்று கேட்டு, திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் பத்துப் பெரிய மனிதர்களைச் சேர்த்துக் கமிட்டி ஆக்கினார். மதராஸ் மியூசியத்தைச் சனங்கள் செத்த காலேஜ் என்று சொல்வார்கள். அண்ணாச்சிக்கு அது நன்றாகத் தெரியும். எங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்தபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "செத்ததை வைக்கிறதுக்கு இடம் இருக்குவே. இப்ப உயிரோட இருக்கவன் எழுதுத படத்துக்குத்தான் இடம் இல்ல."

என்ஜினீயருக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. நெல் கிட்டங்கியும் பங்களாவும் கட்டிச் சலித்தவர் அவர். சீமையிலிருந்து ஒரு புத்தகம் தருவித்தார். படம் வைக்கிற கூடத்துக்கு வடக்குச் சுவரில் உயரத்தில் சன்னல் வைக்க வேண்டும், வடக்கிலிருந்து ஒருபோதும் வெயில் நேராக உள்ளே வராது, வெளிச்சம் நாள் முழுவதும் ஒரே சீராக இருக்கும் என்று அதில் போட்டிருந்தது. கிழக்கு மேற்காக நீண்ட கூடம்; வடக்கே சன்னல் வரிசை; படங்கள் தெற்குச் சுவரில். அந்தப்படி வரையச் சொன்னார்.

வரைந்துகொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் அக்கா படம் எழுதுவது வடக்கு அறையில்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் சித்திரை பிறந்ததும் பலகையையும் சாயப்பெட்டியையும் தெற்கு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஆவணி கழிந்துதான் திரும்ப வருவாள். அந்த மாதங்களில் வடக்குச் சன்னல் வழியே வெயில் விழும். இதைச் சொன்னதும் என்ஜினீயர் சிரித்தார். அது ஆனி மாதம். முற்றத்தில் ஒரு கம்பியை நட்டுவைத்து உச்சிப்பொழுதில் கூப்பிட்டுக் காட்டினேன். கம்பியின் நிழல் தெற்கே விழுந்து கிடந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தார். சீமையில் ஒரு பிள்ளைகூட இதை நம்பாது என்றார். அப்புறம் அந்தப் புத்தகத்தை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். சன்னல்களுக்கு வெளியே சாய்ந்த பலகைகளை அடுக்கி, வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிற ஏற்பாட்டை நானே வரைந்தேன். அதை அவர் ஒரு கோடு மாற்றாமல் ஒப்புக்கொண்டார். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது என் கால் தரையில் பாவவில்லை.

கட்டடம் எழும்பியது. செங்கல் சீவலப்பேரிப் பக்கத்துச் சூளையிலிருந்து, சுண்ணாம்புச் சிப்பி தூத்துக்குடியிலிருந்து, மணல் ஆற்றிலிருந்து. தலைமைக் கொத்தனார் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி முகம் தெரிகிற மாதிரிச் சுவரைத் தேய்த்துத் தருகிறவர். படம் தொங்குகிற சுவர் மினுங்கக்கூடாது என்று நான் சொன்னபோது, தன் வேலையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. வராந்தாத் தூண்களை அவர் இஷ்டப்படி மினுக்கிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் வந்தார்.

சாந்து சுமக்கவும் மாடித் தளத்தை அடிக்கவும் பெண்கள் இருபது பேர் வந்தார்கள். ஊருக்கு வெளியே தனியாக இருந்த குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். கோயில் தெருவுக்குள் அவர்கள் நடக்க முடியாது. சுண்ணாம்புச் சல்லியை விரித்து, வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே நகர்வார்கள். அந்தச் சத்தம் ஒரு மைலுக்குக் கேட்கும். அக்கா சனிக்கிழமைகளில் கட்டடம் பார்க்க வரத் தொடங்கியது அப்போதுதான். அந்தப் பெண்களில் ஒருத்தியை எழுதப் போகிறேன் என்றாள். அவளுக்கு அக்கா வயதுதான் இருக்கும். உயரமானவள், அதிகம் பேசமாட்டாள். கஞ்சி குடிக்கிற நேரத்தில் மூன்று சனிக்கிழமை அவள் அக்காவுக்காக நின்றாள். பாரத்தோடு நிற்க வைக்க அக்காவுக்கு மனசில்லை. சாந்து இல்லாத சட்டியைத்தான் தலையில் ஏற்றினாள்.

படம் முடிந்ததும் அண்ணாச்சி வந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்துவிட்டார். தெற்குச் சுவரில் நடுவில் இதுதான் தொங்கும் என்றார். மதராசிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்திருந்த படங்களுக்கு நடுவே அக்காவின் படம்.

தளம் இறுகிய பிறகு ஒருநாள் அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். என்ஜினீயர் குற்றாலத்தில் இருந்தார். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சுற்றி வளைத்துப் பேசினார். எல்லாரும் வந்து பார்க்க வேண்டும், அதில் தனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் கமிட்டியில் மூன்று பேர் பிடிவாதமாக இருக்கிறார்கள், ஊருக்கு வெளியே இருக்கிற அந்தச் சனங்கள் கூடத்துக்குள் நடமாடினால் தாங்கள் காலெடுத்து வைக்கமாட்டோம் என்கிறார்கள் என்றார். அதனால் மேற்குக் கோடியில் தனியாக ஒரு வாசல். உள்ளே பத்தடி. அதற்கு இந்தப் பக்கம் இடுப்பளவு மரக்கிராதி. அங்கன நின்று பார்க்கட்டும்.

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். "உங்களமாதிரி படிச்சவங்களுக்கு இது கிடையாதுவே. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

அவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். என் தாத்தா ஞானஸ்நானம் வாங்கும்வரை அதே மாதிரி ஒரு குடியிருப்பில்தான் இருந்தார். மூன்றாம் தலைமுறையில் நான் கோட்டுப் போட்டிருந்தேன். கோட்டுக்கு முன்வாசல் திறந்திருந்தது. அதை அவர் மரியாதையாகவே சொன்னார். நானும் மரியாதையாகவே கேட்டுக்கொண்டேன்.

என்ஜினீயர் திரும்பி வந்து, இது ஊர் விஷயம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். நான் வரைந்தேன். இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும். ஏனோதானோவென்று வரையவில்லை. தேக்குக் கிராதி; ஒவ்வொரு கம்பும் நடுவில் பருத்து இரு முனையிலும் மெலியும்; இரண்டு கம்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டால் கண்ணுக்கு லட்சணமாக இருக்கும் என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். மிக நன்றாக அமைந்தது. கம்புகளைக் கடைந்து தந்த கடைசல்காரன்கூட மெச்சினான். அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை. பள்ளியில் பரீட்சைக் காலம். அவள் அந்த மாதம் கட்டடத்துப் பக்கம் வரவில்லை.

திறப்பு விழா தை மாதத்தில், மழைக்காலம் ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த ஒரு மாலையில் நடந்தது. ஜட்ஜ் துரையின் மனைவி வெள்ளிச் சாவியால் கதவைத் திறந்தார். சந்தனம், பன்னீர், பாண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. உள்ளே நுழைந்தவர்கள் முதலில் படத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தார்கள். எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று தேடினார்கள். விளக்கில்லை, வெயிலில்லை, ஆனால் கூடம் முழுக்கப் பால் போல வெளிச்சம். என்ஜினீயர் என் தோளில் கைவைத்து ஜட்ஜிடம் அறிமுகப்படுத்தினார். பேட்டையிலிருந்து வந்த ஒரு மிராசுதார் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, எந்தப் படம் சாமி என்று என்னிடம் மெல்லக் கேட்டார். சாமிப் படம் ஒன்றுமில்லை என்றதும் சுற்றிலும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று செருப்புப் போடாமலே நடந்தார். அக்கா கருநீலச் சேலை கட்டி, கூட வேலை பார்க்கும் டீச்சர்களோடு ஓரமாக நின்றாள். அவள் படத்தின் முன்னால் எப்போதும் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

ஒருமணி நேரம் கழித்து மேற்கு வாசலைத் திறந்தார்கள். வேலை செய்த பெண்கள் வந்திருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்து, வெளுத்த சேலை கட்டியிருந்ததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அந்த உயரமானவளை மட்டும் தெரிந்தது. கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெற்குச் சுவரைப் பார்த்தாள். வலப்பக்கம் சாய்ந்து பார்த்தாள். பிறகு இடப்பக்கம் நகர்ந்து, குனிந்து, எக்கிப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. படங்களை நேரே நின்று பார்க்கத்தான் அந்தச் சன்னல்களை அமைத்திருந்தேன். கோடியில் நின்று சாய்வாகப் பார்த்தால் உயரத்துச் சன்னல்களின் வெளிச்சம் அத்தனையும் வார்னிஷில் பட்டு மினுங்கி, படம் வெறும் வெள்ளைத் தகடாகத் தெரியும். கிராதி வரைந்தபோது இதை நான் யோசிக்கவில்லை. அங்கே நிற்பவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டும் என்றே நான் யோசிக்கவில்லை.

அக்காவும் அவளைப் பார்த்துவிட்டாள். மேற்குக் கோடிவரை போனாள். கிராதியைப் பார்த்தாள், அந்தப் பக்கம் நின்ற பெண்களைப் பார்த்தாள், திரும்பி என்னிடம் வந்தாள்.

"இந்தத் தடுப்பு யாரு போட்டது?"

"நான்தான்க்கா."

"பிளான்லயேவா?"

"பிளான்லயேதான்."

அவள் என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு நேரே தெற்குச் சுவருக்குப் போய், தன் படத்தின் இரண்டு பக்கமும் கைகொடுத்துக் கொக்கியிலிருந்து தூக்கப் பார்த்தாள். தேக்குச் சட்டம் கனம். அசைந்தது, கழலவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை. நான் உடனே ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. முதலில் அண்ணாச்சி எங்கே நிற்கிறார் என்று பார்த்தேன். என்ஜினீயர் எங்கே என்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் போனேன். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, கூடத்தின் நடுவே படத்தைச் சுமந்துகொண்டு நடந்தோம். படத்தைக் கொண்டுபோய்க் கிராதியின் மேல்கட்டையிலேயே நிறுத்தி, இருவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தோம்.

அந்தப் பெண் பார்த்தாள். மற்றவர்கள் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கொத்தனார் சுவரைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இது வெறுஞ்சட்டி, டீச்சரம்மா," என்றாள்.

"ஆமா. அன்னைக்கு வெறுஞ்சட்டிதான வச்சோம்."

"சாந்து இருந்தா கழுத்து இப்படி நிமிந்து நிக்காது. உள்ள இறங்கும். நாடி நெஞ்சுப் பக்கம் வரும்." தன் கழுத்திலும் மோவாயிலும் விரலை வைத்துக் காட்டினாள். "இதப் பாத்தா நான் சும்மா நடந்து போற மாதிரி இருக்கு."

அக்கா அந்தக் கழுத்தையும் படத்துக் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. அது வெட்கம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி எங்கள் பின்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தாமல், படத்தை எடுத்த இடத்தில் வைத்துவிடச் சொன்னார். அவர்கள் பார்த்து முடிக்கட்டும் அண்ணாச்சி என்றாள் அக்கா. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காத்துக்கொண்டு நின்றார். அதையும் நான் சொல்லியாக வேண்டும். அவர் காத்துக்கொண்டுதான் நின்றார். இருபது பேரும் பார்த்து முடிக்கும்வரை.

மறுவாரம் படம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. சட்டத்தின் அளவு சுவருக்குப் பொருந்தவில்லை என்று ஒரு கடிதம், அதன் கடைசியில் வந்தனம். என்னை இனிமேல் தங்கள் காரியத்துக்கு அனுப்ப வேண்டாமென்று கமிட்டி கேட்டுக்கொண்டதாக என்ஜினீயர் சொன்னார். வேலையைவிட்டு நீக்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் நெல் கிட்டங்கிகளுக்கு இடம் அளக்க ஒரு வருஷம் அனுப்பிவைத்தார். அவ்வளவுதான் எங்களுக்கு வந்த கஷ்டம். பெரிய கஷ்டமென்று சொல்லமுடியாது.

அக்கா மூன்று நாள் என்னுடன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்காம் நாள் சாப்பிடும்போது, குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கோடு போடும்போது என்னலே நெனச்ச?"

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "கம்புக்குக் கம்பு எவ்வளவு இடைவெளி விடணும்னு நெனச்சேன்."

"வேற ஒண்ணும் நெனைக்கலையா?"

"இல்லக்கா."

"எனக்கு அதுதான் பயமா இருக்கு," என்றாள். பிறகு, "நானும் அவ நிக்கும்போது சாயத்தைத்தான் பாத்தேன். கழுத்தைப் பாக்கல," என்று சொல்லி எழுந்துபோனாள்.

அம்பாசமுத்திரத்துக்கு நான் புறப்படும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வரும்போது, அந்தப் பெண் எங்கள் வீட்டு வேலியோரம் நின்றிருந்தாள். அக்கா ஆள் அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்குள் வரத் தயங்கினாள். அக்கா அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வடக்கு அறைக்குப் போனாள். இந்தத் தடவை ஈர மணலைச் சட்டி நிறைய அள்ளி வைக்கச் சொன்னது அந்தப் பெண்தான். நான் அள்ளி வந்து தூக்கிவிட்டேன். எனக்குத் தோள் வலித்தது. அவள் அதைத் தலையில் வாங்கிக்கொண்டு சும்மாட்டைச் சரிசெய்து நின்றாள். அவள் சொன்ன மாதிரியே கழுத்து இறங்கியது. அக்கா பழைய கழுத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு வேகமாக எழுதினாள். நடுவில் நாலைந்து தடவை இறக்கி வைத்து, மோர் குடித்துவிட்டு, மறுபடி ஏற்றினோம். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது குறைவு. இடது பக்கமா, இன்னும் கொஞ்சமா, போதுமா என்பது தவிர வேறெதுவும் இல்லை.

எழுதி முடித்த பிறகு அவள் வந்து பார்த்தாள். இப்போது சரி என்றாள். அத்தோடு, புருஷனோடு கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போவதாகவும், வருகிற வாரம் தூத்துக்குடியில் கப்பல் ஏறுவதாகவும் சொன்னாள். அங்கே குளிர் அதிகமாமே என்று அக்கா தன் கம்பளிப் போர்வையைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை. அந்தப் படத்தைப் போர்டிங் பள்ளிச் சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். அங்கே வெளிச்சம் போதாது. ஆனால் யாரும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

இரண்டு வருஷத்தில் யுத்தம் வந்தது. என்ஜினீயர் பட்டாளத்துக்குப் போனார். படச்சாலையில் யுத்தக் கூட்டங்கள் போட ஆரம்பித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு நாற்காலி போட இடம் போதவில்லை என்று கிராதியைக் கழற்றி வெளியே வைத்தார்கள். கூட்டம் முடிந்து அதைத் திரும்பப் பொருத்த ஒருவரும் நினைக்கவில்லை. நியாயம் பார்த்து யாரும் அதை அகற்றவில்லை. அண்ணாச்சியும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நான் ஊர் திரும்பிய பிறகு ஓய்வுநாட்களில் அங்கே போய் உட்காருவேன். கிராதி போனபின்பும் ரொம்ப காலத்துக்கு, மேற்கு வாசல் வழியாக வருகிறவர்கள் பத்தடி நடந்து, அது இருந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். தரையில் கம்பு நட்ட குழிகள்கூட அடைபட்டுவிட்டிருந்தன. முதல் தடவை வருகிறவர்கள்கூட எப்படியோ அந்த இடத்தில்தான் நிற்பார்கள். நான் எழுந்து போய், அங்கிருந்து பார்த்தால் படம் தெரியாது, கிட்டே வாருங்கள் என்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பைய இரண்டடி எடுத்து வைப்பார்கள்.